அட்டையில் இல்லாத பெயர்

ஒரு வகைக் கதை நமக்கெல்லாம் மிகவும் பிடித்தமானது. உதவாக்கரை என்று ஊரும் பள்ளியும் ஒதுக்கிவிட்ட ஒரு மாணவன். கடைசிப் பெஞ்சில் அமர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன். ஒருநாள் புதிதாக ஓர் ஆசிரியர் வருகிறார். மற்றவர் கண்ணுக்குப் படாத ஓவியனையோ பாடகனையோ கவிஞனையோ அவனுக்குள் கண்டுகொள்கிறார். இறுதியில் மேடை, விளக்குகள், கைதட்டல். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் எழுந்து வருகிறோம். திரைப்படமாகவும் புதினமாகவும் மறையுரையில் வரும் சிறு நிகழ்ச்சியாகவும் இக்கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், இனியும் கேட்போம்.

அந்தக் கண்ணீரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்த அரங்கில் கைதட்டிக்கொண்டிருப்பவர்களுள் அதே வகுப்பில் படித்த மற்ற நாற்பது பேரும் இருப்பார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? ஒளித்து வைக்கப்பட்ட குரலோ தூரிகையோ இல்லாதவர்கள் அவர்கள். ஒதுக்கப்பட்டவனிடம் ஒரு மாணிக்கம் இருந்தது, ஆகவே அவனை ஒதுக்கியது தவறு என்கிறது கதை. அப்படியானால் மாணிக்கம் இல்லாதவனை ஒதுக்கியது சரிதானா? கதை இதற்கு விடை கூறுவதில்லை. கேள்வி எழுந்துவிடாதபடி இசையை உரக்க ஒலிக்கச் செய்துவிடுகிறது.

இக்கேள்வியை நேருக்கு நேர் எழுப்பிய ஒரு நூலைப்பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். 1967ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வெளிவந்த அந்நூலின் பெயர் ‘ஓர் ஆசிரியைக்கு ஒரு மடல்’ எனப் பொருள்படும். எழுதியவர்கள் எட்டு மாணவர்கள். எல்லாரும் மலைநாட்டு ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். நூலாசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பார்பியானா பள்ளி’ என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அவர்களை உருவாக்கிய ஆசிரியரின் பெயர் அட்டையில் இல்லை. இந்த இன்மையிலிருந்தே நூலைப் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மலைமேல் ஒரு பங்கு

அந்த ஆசிரியர் அருட்தந்தை லொரென்சோ மிலானி. 1923இல் புளோரன்சில் செல்வமும் கல்வியும் செழித்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் தொமேனிக்கோ கொம்பாரெத்தி பெயர்பெற்ற மொழிநூல் அறிஞர். தாயார் யூத மரபினர். இளைஞர் மிலானிக்கு நாட்டம் ஓவியத்தில். புளோரன்சில் ஓர் ஓவியரிடம் பயின்று, பின்னர் மிலான் நகரின் பிரேரா கலைக்கூடத்திலும் பயின்றார். 1943இல் அவர் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. இருபது வயதில் குருமடத்தில் சேர்ந்து 1947இல் குருவானார்.

சான் தொனாத்தோ என்னும் தொழிலாளர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது இளம் உழைப்பாளர்களுக்கென இரவுப் பள்ளி ஒன்றை நடத்தினார். அவ்வூர் இளைஞர்களுள் கோவிலுக்கு வருபவர்களும் உண்டு. கோவிலை எதிர்க்கும் கட்சியினரும் உண்டு. எவரும் இது ஒரு சாராரின் பள்ளி என்று தயங்கி நின்றுவிடக்கூடாது என்பதற்காக, வகுப்பறைச் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தையே அவர் இறக்கி வைத்தார். இச்செயலை எல்லாரும் ஏற்கமாட்டார்கள். மக்களுக்குப் பேச்சு வராதவரை மறையுரையும் அவர்களைச் சென்று சேராது என்பது அவருடைய உறுதியான முடிவு. மொழியை இழந்தவனுக்கு நற்செய்தியும் அயல்மொழியே அல்லவா?

1954 டிசம்பரில் அவர் பார்பியானாவுக்கு மாற்றப்பட்டார். முஜெல்லோ பகுதியில், விக்கியோ நகராட்சியைச் சேர்ந்த ஒரு மலைச்சரிவு அது. ஊர் என்று சொல்வதற்கில்லை. ஒரு கோவில், சிறிய கல்லறைத் தோட்டம், காட்டிடையே ஆங்காங்கே சிதறிய சில வீடுகள். சாலை இல்லை, மின்விளக்கு இல்லை. அறிவும் துடிப்பும் மிக்க ஓர் இளங்குருவை அங்கே அனுப்பியதன் பொருளைப் புரிந்துகொள்வது கடினமன்று. வந்து சேர்ந்த மறுநாளே அவர் மலையிறங்கி நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, பார்பியானாக் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஒரு குழிக்கான இடத்தை விலைக்கு வாங்கினார். இனி இங்கிருந்து நான் போகப்போவதில்லை என்பதை அம்மக்களுக்கு உணர்த்த அதைவிடத் தெளிவான மறையுரை வேறு எது?

பலகை இல்லாத பள்ளி

ஆறு சிறுவர்களோடு பள்ளி தொடங்கியது. மடல் அப்பள்ளியை விவரிக்கும் பக்கங்கள் எளிமையானவை. ஆயினும் மறக்க முடியாதவை. முதன்முறை வரும் சிறுவனுக்கு அது பள்ளியாகவே தோன்றவில்லை. ஆசிரியர் மேசை இல்லை; கரும்பலகை இல்லை; பெஞ்சுகள் இல்லை. பெரிய மேசைகள் இருந்தன. அவற்றைச் சுற்றியே படித்தார்கள், அவற்றின்மீதே உண்டார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு பிரதி. அதனைச் சுற்றி எல்லாரும் நெருக்கியடித்து நிற்க, சற்றே மூத்த ஒருவன் கற்பித்துக்கொண்டிருப்பான். அந்த ‘ஆசிரியர்’களுள் மூத்தவனுக்கு வயது பதினாறு, இளையவனுக்குப் பன்னிரண்டு.

அப்பள்ளிக்கு ஒரு சட்டம் இருந்தது. அடிப்படை இல்லாதவன், மெதுவாகப் புரிந்துகொள்பவன், படிப்பில் மனமில்லாதவன் ஆகியோரே அங்கே முதல்தர மாணவர்கள். நம் பள்ளிகளில் வகுப்பில் முதல்வனுக்குக் கிடைக்கும் கவனம் முழுவதும் அங்கே கடைசியானவனுக்குக் கிடைத்தது. அவனுக்கு விளங்கும்வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டில் 365 நாளும் பள்ளி. ஞாயிறும் விடுமுறையில்லை, விளையாட்டு இடைவேளையும் இல்லை. இது கொடுமை அல்லவா என்று கேட்க வந்தவர்களுக்கு, முப்பத்தாறு மாடுகள் உள்ள வீட்டிலிருந்து வந்த லூச்சியோ என்னும் சிறுவன் அளித்த விடை நூலில் உள்ளது. தொழுவத்துச் சாணத்தைவிடப் பள்ளி எந்நாளும் மேலானது என்பது அதன் சாரம். நகரத்துப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் ஓய்வு. மலைநாட்டுப் பிள்ளைக்கு விடுமுறை என்றால் வேலை. பள்ளியை விரும்புவதற்கு இதைவிட நேர்மையான காரணத்தை எந்தக் கல்வியாளரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைக் கண்டு அஞ்சும் மலைச்சிறுவர்கள் நீந்தக் கற்பதற்காகத் தம் கையாலேயே ஒரு சிறு குளம் வெட்டினார்கள். நூல் படிக்கும் மாணவன் ஒருவனை ஒளிவட்டத்தோடு புனிதனாகச் சித்திரிக்கும் வண்ணக் கண்ணாடிப் படைப்பு ஒன்றும் அவர்கள் கையால் உருவாகி இன்றும் அக்கோவிலில் இருக்கிறது. ஓவியராக விரும்பிய ஒருவர் தூரிகையை எறிந்துவிடவில்லை, அதை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது. மூத்த மாணவர்கள் இங்கிலாந்து, பிரான்சு, செருமனி எனச் சென்று உழைத்துக்கொண்டே அயல்மொழிகளைக் கற்றுத் திரும்பினார்கள். பள்ளிச் சுவரில் ‘ஐ கேர்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. எனக்கு அக்கறை உண்டு என்பது அதன் பொருள். பாசிச ஆட்சியின் காலத்தில் முழங்கிய, எனக்கென்ன வந்தது என்னும் மனப்பான்மைக்கு மாற்றாக அதனை மிலானி அங்கே எழுதி வைத்தார்.

மடலும் அதன் மொழியும்

பார்பியானாச் சிறுவர்கள் இருவர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேர்வில் தோல்வியுற்றதே மடலுக்கு உடனடிக் காரணம். அவர்களைத் தோல்வியுறச் செய்த ஆசிரியையை விளித்து நூல் தொடங்குகிறது. இத்தனை பேரைத் தோற்கடித்தவருக்குத் தன் பெயர்கூட நினைவில் இராது என்பதே மாணவனின் முதற்பேச்சு. குரலை உயர்த்தாமல் சொல்லப்படும் அந்தத் தொடக்கம் நம்மை நிலைகுலைய வைத்துவிடுகிறது.

நூலெங்கும் இரு சிறுவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவன் பியெரினோ, மருத்துவரின் மகன். எழுத்தறிவோடே பள்ளிக்குள் நுழைபவன். மற்றவன் ஜான்னி, குடியானவனின் மகன். கவனமில்லாதவன், படிக்கப் பிடிக்காதவன் என்று பள்ளி முத்திரை குத்தியவன். இத்தாலிய மொழியில் ஒரு வினைச்சொல்லுக்கு முன்னால் ஒலியில்லாத ஓர் எழுத்து வரும். அதை எழுத ஜான்னிக்குத் தெரியாது. ஆனால் உழைப்பைப்பற்றி, கூலியைப்பற்றி, ஊராட்சியில் பேசப்படும் செய்திகளைப்பற்றி அவனுக்குத் தெரியும். பள்ளி அவனிடம் இல்லாததை மட்டுமே கணக்கெடுத்தது.

தேர்வுகளைப்பற்றிய பகுதிகள் எள்ளலும் துயரும் கலந்தவை. தொடர்வண்டிப் பெட்டிகள் பேசுவதாகக் கற்பனை செய்து கட்டுரை வரையச் சொல்கிறது ஒரு வினா. பிரெஞ்சுத் தேர்விலோ ஆந்தை, கூழாங்கல் போன்ற சொற்களின் விதிவிலக்கான பன்மை வடிவங்களே வினாக்கள். பிரான்சுக்குப் போனால் கழிப்பறை எங்கே என்று கேட்கவும் இயலாத ஒருவன் அதில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடுகிறான்! இதைப் படித்துச் சிரித்த நான் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ‘பேனா பேசுகிறது’, ‘பழைய குடை தன் கதை கூறுகிறது’ என்றெல்லாம் ஆண்டுதோறும் கட்டுரைத் தலைப்புக் கொடுத்தவன்தானே நானும்?

நூலின் மையமான கோட்பாடு மொழியைப் பற்றியது. மனிதரைச் சமமாக்குவது சொல்லே; தன் எண்ணத்தை வெளியிடவும் பிறர் எண்ணத்தைப் புரிந்துகொள்ளவும் வல்லவனே மற்றவனுக்கு நிகரானவன். பள்ளி அந்தச் சொல்லை ஏற்கெனவே உடையவனுக்கே மேலும் வழங்குகிறது. இல்லாதவனை வெளியே அனுப்புகிறது. நலமாயிருப்பவர்களுக்கு மருத்துவம் பார்த்து நோயாளிகளைத் துரத்தும் மருத்துவமனை என்று அத்தகைய பள்ளியை இச்சிறுவர்கள் வருணிக்கிறார்கள். இதற்குச் சான்றாக நாடு தழுவிய புள்ளிவிவரங்களைத் தொகுத்து, அட்டவணைகளாகவும் வரைபடங்களாகவும் அமைத்து, எந்த வகுப்பில் எத்தகையோரின் பிள்ளைகள் உதிர்ந்துபோகிறார்கள் என்று காட்டுகிறார்கள். கணக்கிலும் கட்டுரையிலும் தேறாதவர்கள் என்று தள்ளப்பட்டவர்கள் தொகுத்த கணக்கு அது. எழுதிய கட்டுரை அது! வாதமே தன் சான்றாகவும் அமைந்த நூல்கள் உலகில் அரியவை.

குறை கூறுவதோடு நூல் நின்றுவிடவில்லை. மூன்று சீர்திருத்தங்களை முன்வைக்கிறது. கட்டாயக் கல்விப் பருவத்தில் எவரையும் தோல்வியுறச் செய்யாதிருத்தல். மந்தமானவர் என்று தோன்றுவோருக்கு முழுநேரப் பள்ளி நடத்துதல். சோம்பலாகத் தோன்றுவோருக்கு ஒரு குறிக்கோளைக் கொடுத்தல். இவற்றுள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறப்போர் எல்லா நாடுகளிலும் உண்டு.

எழுத்து என்னும் கைவினை

‘எழுத்து இறைவன் கொடுத்த வரம், அது சிலருக்கே வாய்க்கும்’ என்று நாம் எண்ணிவந்திருக்கிறோம். பார்பியானா அதனைத் தச்சு வேலையைப் போல் கற்றுத்தரத்தக்க ஒரு கைவினையாகக் கண்டது. வடக்கு இத்தாலியின் பியாதெனாவில் பணியாற்றிய மாரியோ லோடி என்னும் ஆசிரியர் 1963இல் பார்பியானாவுக்கு வந்தார். அவருடைய மாணவர்களுக்குக் கூட்டாக ஒரு கடிதம் எழுத முனைந்தபோதே இம்முறை உருப்பெற்றது.

முறை இதுதான். ஒவ்வொருவனும் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பான். எண்ணம் தோன்றும்போதெல்லாம் குறித்துக்கொள்வான். ஒரு தாளில் ஓர் எண்ணம். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். பிறகு ஒருநாள் எல்லாத் தாள்களும் பெரிய மேசையில் பரப்பப்படும். ஒரே செய்தியைச் சொல்லும் தாள்கள் நீக்கப்படும். உறவுடையவை அடுக்குகளாகும்; அவையே இயல்கள். ஒவ்வோர் அடுக்கும் சிறு குவியல்களாகப் பிரியும், அவையே பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் பெயரிட வேண்டும். பெயரிட முடியவில்லை என்றால் அதில் ஒன்றுமே இல்லை, அல்லது அளவுக்கு மீறி இருக்கிறது என்று பொருள். பின்னர் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, எல்லார் கையிலும் கொடுத்துக் கத்தரிக்கோலும் பசையும் வண்ணப் பென்சில்களுமாக அமர்வார்கள். அப்போது தொடங்கும் ஒரு போட்டி: நீக்கத்தக்க சொல் எது, தேவையற்ற அடைமொழி எது, கூறியது கூறல் எங்கே, பொய் எங்கே, நீண்ட வாக்கியம் எது, ஒரே வாக்கியத்தில் இரு கருத்துகள் எங்கே?

இறுதியாக வெளியாள் ஒருவர் அழைக்கப்படுவார். அதிகம் படிக்காதவராக இருந்தால் மிக நன்று. அவரை உரக்கப் படிக்கச் செய்து, தாங்கள் சொல்ல எண்ணியது அவருக்கு விளங்கியதா என்று பார்ப்பார்கள். தெளிவுக்காக அவர் கூறும் திருத்தங்களை ஏற்பார்கள்; எச்சரிக்கைக்காகக் கூறும் திருத்தங்களை ஏற்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ‘மறைந்திருக்கும் திறமை’ என்னும் சொல்லையே இம்முறை தலைகீழாக்கிவிடுகிறது. இங்கே எவனும் பிறவிக் கவிஞன் அல்லன். ஒருவனிடம் கூர்மையான உவமை இருக்கும். இன்னொருவன் பொய்யை மோப்பம் பிடிப்பான். மற்றொருவனுக்கு எண்கள் வரும். கடைசியானவனுக்கு எது புரியவில்லையோ அதுவே நூலைத் திருத்தும் அளவுகோலாகும். ஆம், மெதுவாகப் புரிந்துகொள்பவனும் அக்குழுவுக்கு இன்றியமையாதவன். அவனால்தான் நூல் தெளிவு பெறுகிறது. திறமையில்லாதவனின் இயலாமைக்கும் படைப்பில் ஒரு பணி உண்டு என்று காட்டிய ஆசிரியரை வேறெங்கும் நான் சந்தித்ததில்லை.

தாலந்து உவமையை நாம் பெரும்பாலும் முதல் இரு பணியாளர்களின் பக்கம் நின்றே வாசிக்கிறோம். பெருக்கியவர்களைப் பாராட்டுகிறோம்; புதைத்தவனைக் கண்டிக்கிறோம். ஆனால் புதைத்தவன் தன் செயலுக்குச் சொன்ன காரணம் அச்சம். பார்பியானா மடலைப் படித்தபின் அந்தச் சொல் என்னை விடுவதாயில்லை. மலைநாட்டார் கூச்சமுடையவர்கள், பேச வேண்டிய இடத்தில் நா எழாதவர்கள் என்று மடலின் தொடக்கப் பக்கங்களே பேசுகின்றன. நம் வகுப்பறைகளில் ஒற்றைத் தாலந்தோடு வந்தமர்ந்த பிள்ளையை அதைப் புதைக்கும்படி அச்சுறுத்தியது யார்? அவனைத் தண்டிக்குமுன் இதனையும் விசாரிக்க வேண்டாமா?

நூலின் குறைகள்

போற்றுதல் மட்டுமே திறனாய்வு ஆகாது. இம்மடல் பல இடங்களில் நீதியைக் கடந்துவிடுகிறது. ஆசிரியைக்கும் ஒரு வீடு உண்டு, களைப்பு உண்டு, அவரும் ஒரு பாடத்திட்டத்தின் கைதி என்பதை நூல் எண்ணிப் பார்ப்பதில்லை. பியெரினோ மனிதனாக அல்லாமல் கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறான். மருத்துவருக்கு மகனாகப் பிறந்தது அச்சிறுவனின் குற்றமா? குடியானவனுக்கு மகனாகப் பிறந்தது ஜான்னியின் குற்றமன்று என்று வாதிடும் நூல் இதனை மறந்திருக்கக்கூடாது.

பிரம்பைப்பற்றியும் பேசியாக வேண்டும். மிகக் கடினமான நிலைகளில் பார்பியானாவில் சாட்டையும் பயன்பட்டது என்று மடல் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. பதிவேட்டில் தோல்வி எழுதும் பேனாவைவிடச் சாட்டை மேலானது என்றும் வாதிடுகிறது. வாதம் கூர்மையானதே. எழுதுகோலால் அடிபட்ட பிள்ளையின் தழும்பு வாழ்நாள் முழுவதும் ஆறுவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் இதனை நான் ஏற்கமாட்டேன். ஒரு கொடுமை இன்னொன்றைவிடச் சிறியது என்பதால் அது அன்பாகிவிடாது. பள்ளிகளில் பிள்ளைகள் பட்ட அடிகளைப்பற்றி இன்று நாம் அறிந்திருப்பதை அறிந்த எவரும் இப்பகுதியைத் தலைகுனியாமல் படிக்க இயலாது. பெற்றோரின் மனப்போக்காலும் வழியின் கடினத்தாலும் பெண்பிள்ளைகள் அங்கே வரவில்லை என்று நூல் கூறிச்செல்வதும் நெருடுகிறது. தடைகள் பலவற்றை உடைத்த பள்ளி அத்தடையின் முன் நெடுநேரம் நிற்கவில்லை.

இன்னொரு வினாவும் அன்றே எழுந்தது. இவ்வளவு செறிவான உரைநடையைச் சிறுவர்கள் எழுதியிருக்க முடியுமா? இது மிலானியின் எழுத்தே அன்றோ? நூலின் சினத்திலும் நறுக்கான நடையிலும் அவருடைய சாயல் இருப்பதை மறுப்பதற்கில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒருவரோடு வாழ்ந்தவர்களின் பேச்சில் அவர் குரல் ஒலிக்காதிருந்தால்தான் வியப்பு. ஆனால் அந்த ஐயத்தின் அடியில் உள்ள எண்ணத்தைக் கவனியுங்கள். ‘இவர்களால் முடியாது’ என்பதே அது. அவர்களைத் தேர்வில் தோற்கடித்த எண்ணமும் அதுவேதான்.

விட்டுச்சென்றவை

மடல் அச்சேறிய நாள்களில் மிலானி புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். 1967 ஜூன் 26ஆம் நாள், நூல் வெளிவந்த அடுத்த மாதமே, 44ஆம் வயதில் இறந்தார். தாம் விலைக்கு வாங்கிய பார்பியானாக் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கடவுளைக் காட்டிலும் தம் மாணவர்களை மிகுதியாக நேசித்துவிட்டதாகவும், இத்தகைய நுட்பமான வேறுபாடுகளைக் கடவுள் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் தம் கணக்கில் வரவு வைத்திருப்பார் என்று நம்புவதாகவும் தம் இறுதி ஆவணத்தில் அவர் எழுதிவைத்தார். இறையியலார் இதில் பிழை காணலாம். சின்னஞ்சிறியோருக்குச் செய்ததெல்லாம் எவருக்குச் செய்யப்பட்டதென்று அறிந்தவர்களுக்கு அது புரியும்.

திருச்சபை அவரை உடனே புரிந்துகொள்ளவில்லை. மறைப்பணிபற்றி 1958இல் அவர் வெளியிட்ட நூலை விற்பனையிலிருந்து அகற்றும்படி அவ்வாண்டே உரோமையிலிருந்து ஆணை வந்தது. அந்தத் தடைக்கு இனி எப்பொருளும் இல்லை என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. 2017 ஜூன் 20ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைக்கே சென்று மிலானியின் கல்லறையில் செபித்தார். அரை நூற்றாண்டு நீண்ட காலம்தான். மிலானி கீழ்ப்படிந்தார், மலையை விட்டு இறங்கவில்லை, பேசுவதையும் நிறுத்தவில்லை.

இத்தாலியில் 1971இல் தொடக்கப்பள்ளிகளுக்கு முழுநேர வகுப்புகள் சட்டத்தால் வந்தன. 1977இல் வந்த சட்டம் கட்டாயக் கல்விப் பருவத்தில் மாணவரைத் தோல்வியுறச் செய்யும் வழக்கத்தைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. இவை ஒரே நூலின் விளைவுகள் என்று சொல்வது மிகையாகும். அந்நூல் எழுப்பிய குரல் அவற்றுள் கலந்திருந்தது என்பது மிகையாகாது.

நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்றது. 2019இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க அரசுகளுக்கு இடமளித்தது. இருதரப்பாரின் வாதங்களையும் நாம் கேட்டிருக்கிறோம். தோல்வியில்லாவிட்டால் படிப்பு இராது என்பார் ஒருசாரார். தோல்வியை நீக்கியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார் மற்றொரு சாரார். பார்பியானா இருவரையும் மறுக்கிறது. கடைசிப் பிள்ளையை மேல்வகுப்புக்கு ஏற்றுவது எளிது. அவன் பக்கத்தில் அமர்ந்து, அவனுக்கு விளங்கும்வரை எழாதிருப்பது கடினம். நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலில் பலகை வைக்கும் பள்ளிகள், அந்த நூறுக்குள் வராதபடி ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பிய பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுமா?

இம்மடல் ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டதன்று, பெற்றோருக்காக எழுதப்பட்டது என்று முன்னுரை கூறுகிறது. பொதுநிலையினரான நம்மிடம் அது நேரடியாகப் பேசுகிறது. நம் பிள்ளை முதலிடம் பெற வேண்டும் என்று செபிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கடைசி இடத்தில் இருப்பதைப்பற்றி என்றாவது பள்ளியில் போய்க் கேட்டிருக்கிறோமா?

முடிக்குமுன் என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் நான். ஒருமுறை எட்டாம் வகுப்பில் ‘மழைக்காலம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். எல்லாரும் நோட்ஸ் புத்தகத்தில் இருந்த கார்முகிலையும் தோகை விரித்த மயிலையும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும், கூரை ஒழுகும் இடங்களில் அம்மா பாத்திரம் வைப்பதையும், எந்தப் பாத்திரத்தில் சொட்டினால் எந்த ஓசை வரும் என்பதையும், தங்கையைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் மூலைக்கு மூலை மாறி உட்கார்ந்ததையும் எழுதியிருந்தான். வரிக்கு இரண்டு பிழைகள். ஒற்று ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. லகர ளகர ழகரம் எல்லாம் தடுமாறிக் கிடந்தன. சிவப்பு மையால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, இருபதுக்கு நான்கு மதிப்பெண் இட்டு, பிழையைத் திருத்தி பத்துமுறை எழுதி வா என்று கொடுத்தேன். அதன்பின் அவன் மயிலைப்பற்றியே எழுதினான். அந்த ஆண்டு முடிவில் பள்ளியைவிட்டு நின்றுவிட்டான்.

பார்பியானா மடலை முதன்முறை படித்து முடித்த இரவில் அந்தக் கட்டுரை எனக்கு வரிவரியாக நினைவுக்கு வந்தது. பாத்திரங்களின் ஓசைகள்கூட நினைவுக்கு வந்தன. அவன் முகமும் நினைவிருக்கிறது. பெயர்தான் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.